எங்கள் கட்டுத்தறியில் காரி நிறம் காணாமல் போன கணக்கு

கேள்வி: பரிணாமம் ஓர் உயிரினக் கூட்டத்தின் மரபணு விகிதத்தை எப்படி மாற்றுகிறது? “வலியது நிலைக்கும்” என்று சொன்னால் போதாதா?

போதாது. காங்கேயம் பக்கம் மாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் கட்டுத்தறியில் வலியது தோற்றதையும் சுமாரானது தங்கியதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் எதை எண்ணுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாட்டிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் இருக்கும், தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று. எட்டு மாடு என்றால் பதினாறு பிரதி. அதில் ஒரு குறிப்பிட்ட வடிவம், அதாவது பாடப்புத்தகம் சொல்லும் அல்லீல், எத்தனை என்பதுதான் விகிதம். தனி மாடு பரிணாமம் அடைவதில்லை, இந்த எண்ணிக்கைதான் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. மந்தை மிகப் பெரிதாக இருந்து, இணைசேர்வது தற்செயலாக நடந்து, எதுவும் உள்ளே வராமல், எதுவும் புதிதாக மாறாமல், எல்லாம் ஒரே அளவில் கன்று ஈன்றால் அந்த விகிதம் அசையாது. 1908-ல் ஹார்டி என்ற கணித மேதையும் வைன்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவரும் தனித்தனியே காட்டியது இது. அப்படி ஒரு மந்தை எங்கும் கிடையாது. எந்த நிபந்தனை உடைகிறது என்று பார்த்தால் பரிணாமம் பிடிபடும்.

எங்கள் அப்பாருவிடம் (தாத்தாவிடம்) எட்டுப் பசுக்கள் இருந்தன. மூன்று காரி (கருப்பு), மற்றதெல்லாம் மயிலை (சாம்பல் கலந்த வெள்ளை). காரி நிறத்துக்கு ஒரு பிரதி போதும், ஒவ்வொரு காரியிடமும் ஒன்றுதான் இருந்தது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம் (மாட்டின் நிறத்தில் உண்மையில் பல மரபணுக்களுக்குக் கை உண்டு). பதினாறில் மூன்று, சுமார் 19 சதவீதம். 2003 வாக்கில் வறட்சி. கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல் கருகி, கிளுவை வேலி மட்டும் நின்றது. தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் ஐந்து மாடுகளை விற்றார். எந்த ஐந்து? வியாபாரி வந்த அன்று வாசலோரம் கட்டியிருந்தவை. அவற்றில் இரண்டு காரி.

மிச்சம் மூன்று மாடு, ஆறு பிரதி, அதில் ஒன்று காரி. விகிதம் 17 சதவீதம், பெரிதாகக் குறையவில்லை. ஆனால் இப்போது எல்லாம் அந்த ஒரே பிரதியின் தலையில். அந்தக் காரிப்பசு அப்புறம் இரண்டு கன்றுதான் ஈன்றது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும், நிறம் மாற மாதக்கணக்காகும். அப்பாரு தினமும் காலையில் போய்ப் பார்ப்பார். இரண்டுமே மயிலையாகிவிட்டன. இரண்டுக்கும் காரி போகாமலிருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று, அதுவே நடந்தது. பசு கிழடானதும் விகிதம் பூஜ்யம். காரியிடம் ஒரு குறையும் கிடையாது. இதைத்தான் மரபியல் விலகல் என்கிறார்கள். மந்தை சிறுக்கச் சிறுக்க இதன் கை ஓங்கும்.

‘எங்கள் ஊரில் நாற்பது பசு இருக்கிறதே’ என்று நிம்மதிப்பட வேண்டாம். ஒரே பூச்சிக்காளையிடம்தான் (இனப்பெருக்கக் காளையிடம்தான்) எல்லாம் போகிறது என்றால், அடுத்த தலைமுறையின் பாதி மரபணு அந்த ஒரு காளையுடையது. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் மந்தையின் பயனுறு அளவு வரும். 160-ஐ 41-ஆல் வகுங்கள், 3.9. கண்ணுக்கு நாற்பத்தொன்று, மரபணுவுக்கு நான்கே மாடு. நல்ல காளை என்று ஊரே ஒன்றின் பின்னால் ஓடுவதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

தேர்வு, அதாவது சில வடிவங்கள் உள்ளவை மட்டும் அதிக வாரிசு விடுவது, வேலை செய்யவில்லை என்று சொல்லவில்லை. கிணற்றிலிருந்து மாடு கட்டிக் கவலையில் நீர் இறைத்த காலத்தில், சரிவில் இறங்கிப் பின்னாலேயே நடந்து ஏறும் எருதுதான் எருது. அப்படிப்பட்ட வழியில் வந்த காளைக்கே பசுவை விட்டார்கள். 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்தது. மெல்ல மெல்லக் கிணறுகளில் மோட்டார் ஏறியது. மாடு அதேதான், ஆனால் எது ‘வலியது’ என்பதே மாறிப்போய்ப் பால் முன்னே வந்தது. கூடவே சினை ஊசி வழியாக ஜெர்சி மரபணு எந்த வேலியையும் தாண்டாமலே உள்ளே வந்தது. அது மரபணு ஓட்டம். ஒரு தலைமுறையிலேயே கன்றிடம் பாதி ஜெர்சி. இந்த வேகம் தேர்வுக்குக் கிடையாது.

தேர்வு எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதற்கு மனிதரிலேயே உதாரணம் பக்கத்தில் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் மரபணு (சிவப்பணுவை அரிவாள்போல் வளைப்பது) இருப்பது 1952-ல் வெளியானது. ஒரு பிரதி மட்டும் இருந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு, இரண்டும் இருந்தால் நோய். மலேரியா இருக்கும்வரை அந்த மரபணு பெருகவும் முடியாது, ஒழியவும் முடியாது. மலேரியா போய்விட்டால்? இரு பிரதி உள்ளவர் யாருக்கும் வாரிசே இல்லை என்ற கொடுமையான கணக்கில்கூட, 10 சதவீதம் 5 ஆகப் பத்துத் தலைமுறை ஆகும், ஏறக்குறைய 250 வருடம். பெரும்பாலான பிரதிகள் நோயில்லாதவர்களிடம் ஒளிந்திருப்பதால் தேர்வின் கண்ணில் படுவதே இல்லை.

சொந்தத்துக்குள் இணைசேர்ப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். அது மட்டும் விகிதத்தை மாற்றாது, ஒரே வடிவம் இரண்டும் ஒருவரிடம் சேரும் வாய்ப்பைத்தான் கூட்டும். புதிய வடிவம் பிறப்பது மரபணுவில் நேரும் திடீர் மாற்றத்தால். மிக அரிது, ஆனால் மற்றதெல்லாம் வேலை செய்ய மூலதனம் அதுதான் போடுகிறது.

எங்கள் வீட்டுக் காரிக்கு அதற்காகக் காத்திருக்கவில்லை. சித்தப்பா கண்ணபுரம் சந்தையிலிருந்து ஒரு காரிக் கிடாரி பிடித்து வந்தார். முதல் கன்று போட்டு ஒரு மாதம் ஆகிறது. இப்போதைக்குச் செம்பழுப்புதான்.