கார்டைக் குறை சொல்லாதீர்கள், ராத்திரி 11 மணியைக் கவனியுங்கள்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் மூன்று வருடமாகக் கல்யாணப் போட்டோ எடுக்கிறேன். போன மாதம் ரிசப்ஷன் முடிந்ததும் படங்களைக் காப்பி எடுக்காமலே தூங்கிவிட்டோம். விடிகாலை முகூர்த்தத்துக்கு என் உதவியாளர் அதே மெமரி கார்டை ஃபார்மட் செய்து கேமராவில் போட்டுவிட்டார். மறுவீடு வரை அதில்தான் எடுத்தோம். ரெகவரி சாஃப்ட்வேர் போட்டதில் பாதிப் படம்தான் திரும்பி வந்தது. பெண் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. 256 ஜிபி கார்டாக வாங்கிக்கொண்டால் இது நடக்காதா? க்ளவுட் (இணையத்தில் ஏற்றிச் சேமிப்பது) அவசியமா?

பதில்: பெரிய கார்டு வேண்டாம். உங்கள் கார்டு கெட்டுப்போகவே இல்லையே, அது சொன்ன வேலையைத்தான் செய்தது. பதினைந்து வருடமாக நான் பார்த்தவரை, கல்யாணப் படம் தொலைவதற்கு கார்டு பழுதாவதை விட நம் தூக்கக் கலக்கம்தான் அதிகக் காரணம். ராத்திரி 10.30க்கு ரிசப்ஷன் முடியும், கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் படுக்க 12 ஆகும், 3.30க்கு மாப்பிள்ளை ரூமில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஞாபகத்தை நம்பிச் செய்கிற எந்த வேலையும் ஒருநாள் தப்பும். அதனால் யோசிக்காமலே சரியாக நடக்கிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் கேமரா. இரண்டு கார்டு போடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிற நிறையப் பேர் அதைப் பயன்படுத்துவதில்லை, காரணம் பெட்டியிலிருந்து வரும்போது அது காப்பி எடுக்கிற அமைப்பில் இருப்பதில்லை. நிக்கானில் முதல் கார்டு நிறைந்தபின் அடுத்ததற்குப் போகும் ‘ஓவர்ஃப்ளோ’வில் இருக்கும், அதை ஒரே படத்தை இரண்டு கார்டிலும் பதிகிற ‘பேக்கப்’ என்று மாற்ற வேண்டும். கேனானில் இதற்குப் பெயர் ‘ரெக் டு மல்டிபிள்’. இரண்டு கார்டிலும் ரா (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கிற பெரிய ஃபைல்) போட்டால் நல்லது. கார்டுச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஒன்றில் ரா, இன்னொன்றில் பெரிய சைஸ் ஜேபெக் (சுருக்கிச் சேமிக்கிற சாதாரணப் பட ஃபைல்). ஜேபெக்தானே என்று நினைக்க வேண்டாம். 12க்கு 36 ஆல்பத்தில் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம், 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம், அதாவது அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கிறது. ரா மொத்தமும் போனாலும் அந்த ஜேபெக்கை வைத்தே தலை நிமிர்ந்து ஆல்பம் கொடுக்கலாம். ஒன்று மட்டும், இரண்டு கார்டில் எது மெதுவானதோ அதன் வேகத்துக்குத்தான் கேமரா ஓடும். மலிவாக ஒரு கார்டை இரண்டாவது இடத்தில் சொருகிவிட்டு, கெட்டிமேளம் அடிக்கும்போது பஃபர் (கார்டில் எழுதும் முன் படம் தங்குகிற கேமரா நினைவகம்) நிறைந்து ஷட்டர் விழாமல் முழித்தவர்களைத் தெரியும்.

கார்டு சைஸ்: 24 மெகாபிக்சல் ரா ஒன்று சுமார் 25, 30 எம்பி வரும், ஆக 64 ஜிபியில் இரண்டாயிரம் படம் தாராளம். ஒரு ரிசப்ஷனுக்கு அது போதும். 256 ஜிபியில் ஒன்று வாங்குகிற காசுக்கு 64 ஜிபியில் சிலவற்றை வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயிண்ட் மார்க்கரால் நம்பர் போட்டுவிடுங்கள். ரிசப்ஷன் முடிந்ததா, நிறைந்ததோ இல்லையோ இரண்டு கார்டையும் வெளியே எடுங்கள். எடுத்த கார்டு, கார்டு பர்ஸில் லேபிள் உள்பக்கம் திரும்பியபடி போகும். லேபிள் தெரிகிற கார்டை மட்டும்தான் கேமராவில் போடலாம் என்று உதவியாளர் பையனுக்கு ஒரே ஒரு சட்டம் சொல்லிக்கொடுங்கள், அரைத்தூக்கத்திலும் அவன் தப்ப மாட்டான். அப்புறம் ஃபார்மட் செய்கிற உரிமை ஒருத்தருக்குத்தான், அது நீங்கள். அதையும் மண்டபத்தில் செய்யாதீர்கள், கிளம்பும் முன் வீட்டிலேயே எல்லாக் கார்டையும் ஃபார்மட் செய்து எடுத்துப் போங்கள்.

பர்ஸ் பேண்ட் பாக்கெட்டில் இருக்கட்டும். மண்டப ரூம் சாவி எத்தனை மாமா, சித்தப்பா கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது, பையோடு வைப்பது சரியில்லை. திரும்பும்போது ஒரு செட் கார்டு உங்களிடம், இன்னொரு செட் வேறு வண்டியில் வருகிறவரிடம்.

காப்பி எடுக்கும்போது நடக்கிற ஒரு விபத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எனக்கே நடந்தது. இரண்டு கேனான் கேமரா, இரண்டிலும் ஃபைல் பெயர் ஐஎம்ஜி 4500ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் இறக்கினேன். அதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா என்று விண்டோஸ் கேட்டது, நான் பாட்டுக்கு ‘ரீப்ளேஸ்’ அமுக்கிவிட்டேன். நாற்பது நலங்குப் படம் காணாமல் போய் அங்கே வாசல் தோரணம் உட்கார்ந்திருந்தது. கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். அதிலிருந்து ஒரு கார்டுக்கு ஒரு ஃபோல்டர், பெயரில் தேதி, ஊர், கேமரா, கார்டு நம்பர். இரண்டு கேமரா கடிகாரத்தையும் காலையில் ஒன்றாக வைத்துவிட்டால் பின்னால் வரிசைப்படுத்துவதும் சுலபம்.

வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும். கார்டிலிருந்து முதல் டிஸ்க்குக்கு, மறுபடி கார்டிலிருந்தே இரண்டாவதற்கு. முதல் டிஸ்க்கிலிருந்து இரண்டாவதற்கு எடுத்தால் முதலில் வந்த கோளாறும் சேர்ந்து போகும். எப்போதும் ‘காப்பி’தான், ‘கட்’ கூடாது. பாதியில் மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறுகிற நேரம் ஒன்று உண்டு, லேப்டாப்பில் சார்ஜ் இருக்கட்டும். டிஸ்க்கின் அகலமான கேபிள் முனை லேசாக ஆடினாலே இணைப்பு விட்டுப்போகும், புதுக் கேபிள் வாங்கிவிடுங்கள். டெராகாப்பி மாதிரி சரிபார்க்கிற சாஃப்ட்வேரில் ‘வெரிஃபை’ போட்டு எடுங்கள், ஃபைல் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் உடைந்த ஃபைல் தெரியாது. யூஎஸ்பி 3 ரீடரில் 60 ஜிபி சுமார் 12 நிமிடம், பழைய யூஎஸ்பி 2 ரீடரில் அரை மணிக்கு மேல். ராத்திரி அலுப்பில் ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று சொல்லவைப்பது பாதிநேரம் அந்தப் பழைய ரீடர்தான்.

க்ளவுட்? முழு ராவையும் ஏற்ற நினைக்காதீர்கள். 100 ஜிபியை விநாடிக்கு 20 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஏற்ற 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும், முகூர்த்த மாசத்தில் அடுத்த கல்யாணம் வந்துவிடும். ஜேபெக்கை மட்டும் அன்றைக்கே ஏற்றுங்கள், ரா இருக்கிற ஒரு டிஸ்க்கை ஸ்டூடியோவில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இரண்டு டிஸ்க்கையும் ஒரே மேஜையில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே நனைந்தன. க்ராக் செய்த எடிட்டிங் சாஃப்ட்வேர் போடுகிற பழக்கம் இருந்தால் (இருக்கும், தெரியும்) இன்னொரு பயம். ஃபைலையெல்லாம் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ் அந்த வழியாகவும் வருகிறது, அந்த நேரம் மாட்டியிருக்கிற டிஸ்க்கையும் விடாது. காப்பி முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

சரி, போன படத்துக்கு வருவோம். கேமராவில் செய்கிற சாதாரண ஃபார்மட் பொதுவாகப் படத்தை அழிப்பதில்லை, படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் அழிக்கிறது. அதற்கு மேல் முகூர்த்தமும் மறுவீடும் பதிந்த இடம்தான் நிரந்தரமாகப் போனது. கார்டை அதற்குப் பிறகு தொடாமல் வைத்திருந்தால் ஃபோட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேரால் இன்னொரு முறை தேடிப் பாருங்கள், கிடைப்பதை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். ஃபைல் பெயர் போயிருக்கும், எடுத்த நேரம் உள்ளே இருக்கும்.

அடுத்து, வீடியோக்காரர் 4கேயில் எடுத்திருந்தால் அவரிடம் மேடைக் காட்சியைக் கேளுங்கள். ஒரு ஃப்ரேம் 3840 பிக்சல் அகலம், 12 அங்குலத்துக்குத் தாராளமாக வரும். அசைகிற ஆள் மங்கலாக இருப்பார், ஆனால் பரிசு கொடுத்துவிட்டு போட்டோவுக்கு அசையாமல் நிற்கிற இரண்டு நொடி எல்லோருக்கும் உண்டு, அதைப் பிடித்துக்கொள்ளலாம். இதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே பெண் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். எந்தெந்த உறவினர் படம் இல்லை என்று பட்டியலோடு போனால், அவர்களே வந்தவர்களின் போனில் இருப்பதைத் திரட்டித் தருவார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். தொகையில் எவ்வளவு குறைப்பது என்பதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.