எண்ணூருக்கு மெட்ரோ அப்புறம், முதலில் பஸ் நடை

கேள்வி: மெட்ரோ விம்கோ நகரோடு நின்றுவிட்டது. கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ என்றால் கோப்பு ஓடுகிறது. எர்ணாவூர், எண்ணூர், மணலி என்றால் யார் காதிலும் விழுவதில்லை. பொதுப் போக்குவரத்துக்கு அரசு கொட்டும் பணத்தில் வட சென்னையின் பங்கு எங்கே? எங்களுக்கும் மெட்ரோ வேண்டும் என்று நீங்களாவது எழுதக் கூடாதா?

– வாசகர் ஒருவர், எண்ணூர்

பதில்: எழுதலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் மெட்ரோ உங்கள் பட்டியலில் முதல் வரியாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

கிளாம்பாக்கத்தைப் பார்த்துப் பொருமுவதை முதலில் விடுங்கள். விமான நிலையத்தில் இருந்து அங்கே போகப்போவது, விம்கோ நகரில் புறப்படுகிற அதே நீலப் பாதையின் நீட்சிதான். 2023 டிசம்பரில் வெளியூர் பஸ் நிலையத்தை ஊருக்குத் தெற்கே கொண்டுபோய் வைத்தபோது அதிகம் அடிபட்டது நீங்கள். திருச்சிக்கோ நெல்லைக்கோ பஸ் பிடிக்க, நகரம் முழுவதையும் தாண்ட வேண்டியிருக்கிறது. அந்த 15 கிலோமீட்டர் போட்டு முடித்தால் மூட்டை முடிச்சோடு விம்கோ நகரில் ஏறி கிளாம்பாக்கத்தில் இறங்கலாம். தாம்பரத்துக்காரரைவிட உங்களுக்குத்தான் லாபம்.

பங்கு எங்கே என்கிறீர்கள். காகிதத்தில் அப்படியொன்றும் குறையில்லை. இரண்டாம் கட்ட மெட்ரோவின் மூன்று வழித்தடங்களில் இரண்டு மாதவரத்தில்தான் தொடங்குகின்றன. உலக வங்கி உதவியோடு வந்த 120 மின்சாரப் பேருந்துகள் 2025 ஜூனில் புறப்பட்டது வியாசர்பாடி பணிமனையில் இருந்து. வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கி வைத்தபோது 4,181 கோடியாக வளர்ந்திருந்தது. அது முழுக்கப் போக்குவரத்துக்கு இல்லை, அது வேறு விஷயம்.

இத்தனைக்குப் பிறகும் நீங்கள் நிறுத்தத்தில் நிற்கிறீர்களே, ஏன்? கட்டுகிற பணம் வேறு, ஓட்டுகிற பணம் வேறு.

கட்டுவதற்குக் கடன் கிடைக்கும். இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு 63,246 கோடி. 118.9 கிலோமீட்டரால் வகுத்தால், கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, ஏறத்தாழ 65 சதவீதம் எங்களுடையது என்றது தில்லி. பிரித்துப் பாருங்கள்: அதில் 33,593 கோடி, வெளியில் வாங்குகிற கடன். தில்லி தன் பங்காகப் போடுவது 7,425 கோடி. மிச்சம் 22,000 கோடிச் சொச்சம் மாநிலத்தின் தலையில். கடனை அடைக்க வேண்டியது மெட்ரோ நிறுவனம். அதனால் முடியாவிட்டால் அதற்கும் மாநிலம்தான் கை கொடுக்க வேண்டும். இரு தரப்பும் 'நாங்கள் கொடுத்தோம்' என்று மேடையில் பேசுவதைக் கேட்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மின்சாரப் பேருந்து ஒன்றரைக் கோடி என்றே வையுங்கள். ஒரு கிலோமீட்டர் மெட்ரோ காசில் 350 வண்டி வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம். யார் ஓட்டுவது? வியாசர்பாடி வண்டிகளையே மாநகர் போக்குவரத்துக் கழகம் சொந்தமாக வாங்கவில்லை. தனியார் ஓட்டுகிறார்கள், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கொடுக்கிறது. சக்கரம் சுற்றச் சுற்றச் செலவு. சாதாரண பஸ் கட்டணம் 2018 ஜனவரிக்குப் பிறகு ஏறவில்லை. 2021 மே முதல் அந்தப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். இரண்டுமே சரியான முடிவுகள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் டிக்கெட்டில் வராத காசைக் கோட்டையில் இருந்து வருடா வருடம், பாக்கி வைக்காமல் கொடுக்க வேண்டும். அங்கே இழுத்துப் பிடித்தால் பஸ் ஓட்டம் ஒரேயடியாக நின்றுவிடாது, வண்டி போய்வரும் தடவை, அதாவது நடைதான் குறையும். கூட்டமில்லை என்று ராத்திரி நடையில்தான் முதலில் கை வைக்கத் தோன்றும்.

வட சென்னைக்கு அதுதான் வினை. இங்கே நெரிசல் நேரம் காலை ஒன்பது, மாலை ஆறு மட்டும் இல்லை. காசிமேட்டில் விடியும் முன் மீன் எடுத்துக்கொண்டு கூடையோடு நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள். மணலியிலும் எண்ணூரிலும் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். சிவப்பு டீலக்ஸ் வரும், போகும். பெண்கள் கை காட்டாமல், முன்பக்கம் பிங்க் அடித்த இலவச வண்டிக்காக எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அது வராவிட்டால் ஷேர் ஆட்டோ. பின்னால் இடமில்லை என்றால் டிரைவர் சீட்டு ஓரத்தில் ஒருவர். பிங்க் பஸ் வராத நிறுத்தத்தில் இலவசப் பயணத்தின் விலை, ஷேர் ஆட்டோக் கட்டணம்.

2013-ல் பெரிய பஸ் நுழைய முடியாத தெருக்களுக்கென்று சிற்றுந்து விட்டார்கள். அதில் வரைந்திருப்பது இரட்டை இலையா, வெறும் இலையா என்று ஊரே விவாதித்தது. எந்தத் தெருவுக்கு எத்தனை நடை என்று அதில் பாதி ஆர்வத்தோடு பேசியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

அப்புறம், உங்கள் வாசலிலேயே ரயில் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்தில் இருந்து புறப்பட்டது. ரயிலுக்கு ஏங்கும் ஊரில்லை இது. எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர் வழியே கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஓடுகிறது, குறைந்த கட்டணம் 5 ரூபாய். துறைமுகச் சரக்கும் வடக்கே போகிற எக்ஸ்பிரஸ்களும் அதே தடத்தில் போட்டி போடுவதால் அடுத்த வண்டி எப்போது என்று அண்ணாந்து நிற்கிறோம். இந்தத் தடத்தில் கூடுதல் பாதையும் கூடுதல் ரயிலும் கேட்பது எண்ணூருக்கு மெட்ரோ கேட்பதைவிட மலிவு, சீக்கிரமும் கூட. ஒரு சிக்கல்: ரயில் கூடினால் கொருக்குப்பேட்டை கேட் இன்னும் அதிக நேரம் மூடியிருக்கும், அங்கே மாட்டுவது பஸ்தான். எனவே அங்கே மேம்பாலத்துக்குப் போகிற காசையும், மழை வந்தால் குளமாகும் கணேசபுரம் சுரங்கப்பாதையில் போடுகிற காசையும் நான் பஸ் கணக்கில்தான் எழுதுவேன்.

ரயில் தில்லியுடையது, பஸ் கோட்டையுடையது என்று கை விரிப்பார்கள். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் 2010-லேயே ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்குச் சட்டம் போட்டார்கள். தலைவர் முதலமைச்சரே. பஸ், மெட்ரோ, ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் கொண்டுவந்திருக்கிறார்கள், நல்லது. ரயில் வந்து சேரும் நேரத்துக்கு நிலைய வாசலில் பஸ் நிற்க வைப்பதையும் அதே குழுமம்தான் செய்ய வேண்டும்.

மெட்ரோ கேட்டு மனு எழுத வைத்திருக்கும் பேப்பரில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு இரண்டே கேள்வி எழுதுங்கள். எண்ணூர் வழித்தடங்களில் கடந்த மாதம் அட்டவணைப்படி எத்தனை நடை? ஓடியது எத்தனை? பதில் வந்ததும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.