வாசகர் கேள்வி – பதில்: பக்கத்து மனையின் தூசி

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய மனையில் ஐந்து மாதங்களாக அடுக்குமாடிக் கட்டட வேலை நடக்கிறது. ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் சாப்பாட்டுத் தட்டில் தூசி படிகிறது. மாமியாருக்கு இருமல் நிற்கவில்லை. பொறியாளரிடம் சொன்னால், "பச்சை வலை கட்டியிருக்கிறோமே" என்கிறார். வேறென்ன கேட்கலாம்?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: பச்சை வலை, செங்கல் துண்டும் கலவையும் தெருவில் விழாமல் தடுக்கும், காற்றில் மிதக்கும் நுண்தூசிக்கு அது திறந்த வாசல்தான். ஆகவே வலையைப் பற்றி வாதாடுவதை விட்டு, தூசி கிளம்பும் இடத்தைக் காட்டிக் கேளுங்கள். எம்-சாண்ட் குவியலுக்குத் தார்ப்பாய் போடுவதும் லாரி வந்துபோகும் தரையில் தண்ணீர் தெளிப்பதும் பெரிய செலவில்லாதவை என்பதால் அதிகம் மறுக்க மாட்டார்கள்.

கிரானைட்டையும் டைல்ஸையும் உலர்வாக அறுப்பதுதான் மோசமானது. கட்டரின் தட்டு சுழலும்போது எழும் வெண்புகையில், கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா என்ற கனிமம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிடவும் மிகச் சிறிய அதன் துகள்கள், மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். கட்டுமானப் பொருள்களைத் திறந்த வெளியில் அறுப்பதை, மத்திய அரசு 2018 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் செய்த திருத்தம் தடை செய்கிறது என்பதைப் பொறியாளருக்கு நினைவூட்டலாம். பலனில்லையென்றால், அறுப்பு நடக்கும்போது தேதி தெரியும்படி படமெடுத்து, மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். படத்தில் தொழிலாளியின் முகம் விழ வேண்டாம். பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லர்.

வீட்டில் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலைத் தூசியின் தலையில் போட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 52 வயது, இருபது ஆண்டுகளாகச் சென்னையில் டைல்ஸ் ஒட்டுகிறார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் அறுப்பார். இப்போது இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. தண்ணீர் விட்டு அறுக்கச் சொன்னால், ஷாக் அடிக்கும் என்கிறார்.
– வாசகர், திண்டிவனம்

பதில்: உங்கள் தந்தை சொல்வது சாக்கு அன்று. ஒட்டுப்போட்ட ஒயரை பிளக் இல்லாமல் சொருகி, தீக்குச்சியை இறுக்கி வைத்திருக்கும் மனையில், ஈரக் கையோடு அறுப்பது உயிரோடு விளையாடுவதுதான். ஆனால் அதற்காக உலர்வாக அறுக்க வேண்டியதில்லை. மின்கசிவு ஏற்பட்ட கணத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யைத் தற்காலிக இணைப்பில் பொருத்தி, எர்த் கம்பியுள்ள ஒயரையும் நீர்க்குழாயுடன் வரும் கட்டரையும் தர வேண்டியது காண்டிராக்டரின் பொறுப்பு. நேர்கோட்டு அறுப்புக்கு, கையால் கீறி முறிக்கும் டைல் கட்டரே பெரும்பாலும் போதும். அதில் மின்சாரமும் இல்லை, தூசியும் அநேகமாக இல்லை.

துண்டு நுண்தூசியை நிறுத்தாது. முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். அதைவிட அவசரமானது பரிசோதனை. சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோயில் தழும்பான நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடும். அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் காசநோய் போலவே தோன்றக்கூடும் என்பதால், மருத்துவர் கேட்காவிட்டாலும் இருபது ஆண்டுகளாக டைல்ஸ் அறுப்பவர் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.