இப்போதே மாறுவதா, இன்னும் ஓராண்டு இருப்பதா?

கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் (ஈராண்டுக் கல்லூரி) ஓராண்டு முடித்துவிட்டு, கணினி அறிவியலுக்காக உடனே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

அங்கே மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட், அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுப் பாட அளவு, வேண்டும். அதைவிட எனக்குக் கவலை தருவது, நேரியல் இயற்கணிதத்தையும் தரவுக் கட்டமைப்பையும் நீங்கள் இன்னும் படிக்காததுதான். இவ்வளவு போட்டியுள்ள துறையில் முன்தேவைப் பாடம் ஒன்று விட்டுப்போனாலே விண்ணப்பம் அடிபடலாம். எந்தக் கல்லூரிப் பாடம் எந்த வளாகத்தில் ஏற்கப்படும் என்று காட்டும் அசிஸ்ட் (ASSIST) இணையதளத்தில் உங்கள் கல்லூரியையும் விரும்பும் வளாகத்தையும் தேர்ந்தெடுத்துப் பாடப் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். அது வளாகத்துக்கு வளாகம் மாறும்.

காத்திருப்பதால் ஆண்டு வீணாகாது. இந்த நவம்பரிலேயே விண்ணப்பிக்கலாம். மீதிப் பாடங்களை அடுத்த வசந்தப் பருவத்துக்குள் முடித்தால் போதும். டேவிஸ், இர்வைன் உள்ளிட்ட ஆறு வளாகங்களில் சேர்க்கை உறுதி ஒப்பந்தமும் (நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி) உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோவில் இல்லை. இந்த ஒப்பந்தத்துக்குச் செப்டம்பர் மாதத்தில் மனுப் போட வேண்டும். எல்லாத் துறைகளுக்கும் அது கிடைக்காது, ஆகவே உங்கள் துறைக்கு உண்டா என்று ஆலோசகரிடம் ஆகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள். அசிஸ்ட் பட்டியலை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.