உயரமானவருக்கு நீளமான டிராப்பர் சீட்போஸ்ட் ஆடம்பரம் அல்ல

ஆறடி இரண்டங்குல உயரம், 150 மில்லிமீட்டர் இறங்கும் டிராப்பர் சீட்போஸ்ட் (சைக்கிள் சீட்டை ஏற்றி இறக்கும் கம்பம்), அதை 200க்கு மேல் இறங்குவதாக மாற்றுவது தேவையா, வீண் செலவா என்பது உங்கள் கேள்வி. தேவைதான். ஆனால் 200 வாங்குவதா, 210 வாங்குவதா, 240 வாங்குவதா என்பதை உங்கள் உயரம் மட்டும் தீர்மானிக்காது. போஸ்ட் நுழையும் குழாயான ஃபிரேமின் சீட் ட்யூபுக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது, உள்ளே எவ்வளவு ஆழம் இருக்கிறது என்ற இரண்டு அளவுகளே அதைத் தீர்மானிக்கும். இந்த இரண்டையும் அளக்காமல் யார் எந்த எண்ணைச் சொன்னாலும், அவர் கடைக்காரராகவே இருந்தாலும், ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஹாண்டில்பாரில் உள்ள லீவரை அழுத்தியபடி உட்கார்ந்தால் சீட் கீழே இறங்கும். எழுந்து மீண்டும் அழுத்தினால் தானாக மேலே வரும். மேட்டில் மிதிக்கும்போது சீட் உயரமாகவும், பள்ளத்தில் இறங்கும்போது உடலுக்கு வழிவிட்டுத் தாழ்வாகவும் இருக்க வேண்டும் என்பதற்காக வந்த கருவி இது. 1984இல் ஜோ பிரீஸும் ஜாஷ் ஏஞ்சலும் சீட்டை ஏற்றி இறக்க உதவும் ஹைட்-ரைட் என்ற சுருள்வில்லைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இந்தத் தேவை மலை சைக்கிள்காரர்களுக்குத் தெரியும். டிராப்பர் பரவத் தொடங்கிய ஆண்டுகளில் 100, 125 மில்லிமீட்டர் இறக்கமே வழக்கமாக இருந்தது. 'வேண்டாத விளையாட்டுப் பொருள்' என்று சொல்பவர்களுக்காக இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: 2022இல் மிலான்–சான்ரெமோ பந்தயத்தின் கடைசி இறக்கத்தில் மதேய் மொஹோரிச் மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளி வென்றது, சாலை சைக்கிளில் டிராப்பர் பொருத்திக்கொண்டுதான்.

நான் ஆறடி மூன்றங்குலம், தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வட சென்னையில் இருந்துகொண்டு மலை சைக்கிளா என்று கேட்பவர்கள் இந்தப் பதிலின் கீழும் வருவார்கள். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் நாகலாபுரம் மலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் வறண்ட ஓடைகளை ஒட்டிய மண் பாதைகளில், இடுப்பளவு பாறைப் படிகளில் ஒருமுறை இறங்கிப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பாதைகளில்தான் 150 மில்லிமீட்டர் எனக்குப் போதாது என்பது உறுதியாயிற்று. சீட்டை முழுவதும் இறக்கிவிட்டு, இடுப்பைப் பின்னே தள்ளி, முழங்காலை மடக்கிப் படியில் முன்சக்கரத்தை விடும்போது, பின்சக்கரம் அந்த விளிம்பில் ஏறி எழும்பும். அந்த நொடியில் சீட் வந்து தொடையின் உட்புறத்திலோ அடிவயிற்றிலோ முட்டும். முட்டிய வேகத்தில் உடல் முன்னே தள்ளப்படும். என்னைவிடக் குள்ளமான நண்பர்கள் அதே 150ஐ வைத்துக்கொண்டு அதே இடத்தில் எந்தத் தொல்லையும் இல்லாமல் இறங்கினார்கள். அவர்களுக்குத் திறமை கூடுதல் என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கலாம், ஆனால் கணக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது.

காலின் உள்நீளத்தை, அதாவது கவட்டையிலிருந்து தரை வரையிலான அளவை, 0.883ஆல் பெருக்கினால் பெடல் கைகள் சுழலும் அச்சுக்கூடான பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான உயரம் கிடைக்கும் என்பது அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் வழங்கும் பழைய கணக்கு. தோராயமானதுதான், ஆயினும் தொடங்குவதற்குப் போதும். என் கால் 92 சென்டிமீட்டர். ஆகவே என் சீட் 81 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நிற்கும். 78 சென்டிமீட்டர் கால் உள்ள நண்பருக்கு அது ஏறக்குறைய 69. அவருக்கு 150 மில்லிமீட்டர் என்பது சீட் உயரத்தில் நூற்றுக்கு 22 பங்கு. எனக்கு 18 பங்கு. அவர் அனுபவிக்கும் அதே விகிதத்தை எட்டவே எனக்கு 175க்கு மேல் வேண்டும். உயரமானவரின் உடல் எடை மையமும் மேலே இருப்பதால், செங்குத்தான இடத்தில் அவர் கூடுதலாகக் குனிய வேண்டியிருக்கிறது. அதற்கு மேலும் இடம் வேண்டும். குள்ளமானவர்களுக்கு நீளமான டிராப்பர் தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கும் பொருந்துமானால் நல்லதுதான்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டுதான் நகரத்தின் பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். தாளைப் பார்க்காமலேயே, "இங்க யாரும் 150க்கு மேல போடறதில்ல சார், அதுவே ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டார்கள். அந்த அலட்சியம் இன்றும் எனக்கு ஆறவில்லை. நம் ஊர்க் கடைகளில் நடுத்தர அளவு ஃபிரேம்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, உயரமானவர் வந்தால் சீட்டை இன்னும் மேலே இழுத்துவிட்டு, "இது உங்களுக்கு சரியா இருக்கும்" என்கிறார்கள். சட்டையோ செருப்போ வாங்கப் போனால் அளவு இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். உடலின் முழு எடையையும் தாங்க வேண்டிய சைக்கிளுக்கு மட்டும் அந்த நேர்மை ஏன் இல்லை? அளவுக்கு மேல் இழுக்கப்பட்ட போஸ்ட் ஃபிரேமின் கழுத்தையே விரிசல் விடச் செய்யக்கூடும். என்னுடைய பழைய 150ஐ என் காலுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தபோது, இதற்கு மேல் இழுக்கக் கூடாது என்று பொறிக்கப்பட்ட கோடு, போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் விளிம்பை ஒட்டி நின்றது.

அளப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். முதலில், உங்கள் சரியான மிதி உயரத்தில் சீட்டை நிறுத்தி, சீட் ட்யூபின் மேல் விளிம்பிலிருந்து சீட்டைத் தாங்கும் கம்பியின் நடுவரை அளக்க வேண்டும். எனக்கு அது 292 மில்லிமீட்டர். ஒரு டிராப்பர் முழுவதும் நீண்டு நிற்கும்போது ஃபிரேமுக்கு வெளியே குறைந்தது எவ்வளவு இருக்கும் என்பது, அதன் இறக்கத்தோடு தலைப்பகுதியையும் கழுத்து வளையத்தையும் கூட்டினால் வரும். நான் பார்த்த போஸ்ட்களில் அந்தக் கூடுதல் 40 மில்லிமீட்டர். ஆகவே 240 இறங்குவதற்கு 280 வேண்டும். என்னிடம் 292 இருந்தது. மேலளவை மட்டும் பார்த்திருந்தால் 240ஐ வாங்கியிருப்பேன்.

உள் ஆழத்தைப் பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்கு சைக்கிள் பார்க்கும் அண்ணன் அளந்து கொடுத்தார். பழைய போஸ்ட்டை உருவியதும் சாம்பல் நிறச் சேறு அதன் அடியில் அப்பியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, நுனியில் துணி சுற்றிய துடைப்பக் குச்சி ஒன்றைக் குழாய்க்குள் மெதுவாக விட்டார். ஓரிடத்தில் அது நின்றது. சற்றே திருப்பி விட்டும் அங்கேயே நின்றது. விளிம்போடு சமமாக இருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துக் காட்டினார். "தம்பி, பாட்டில் போல்ட்டு நட்டு உள்ள நீட்டிக்கினு நிக்குது பாரு. இன்னா போஸ்ட்டு போட்டாலும் இங்கதான் முட்டும்" என்றார். குச்சியை வெளியே எடுத்து அளந்தால் 265 மில்லிமீட்டர். தண்ணீர் பாட்டில் கூண்டைப் பிடிக்கும் அந்த போல்ட்டைக் குட்டையானதாக மாற்றினாலும், அது பதிந்திருக்கும் நட் உட்புறம் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். இரட்டை சஸ்பென்ஷன் சைக்கிள்களில் சீட் ட்யூப் வளைந்திருப்பதும், பின்பகுதி இணையும் அச்சு குறுக்கே வருவதும் இதே தடையை உண்டாக்கும்.

டிராப்பரின் வெளிக்குழாய்க்குள் உள்குழாய் முழுவதும் நுழைய வேண்டியிருப்பதால், வெளிக்குழாய் எப்போதும் இறக்கத்தைவிட நீளமாகவே இருக்கும். அதன் அடியில் வால்வைத் திறக்கும் நெம்புகோல் இருக்கும். அதற்கும் கீழே கேபிள் மடியாமல் வளைவதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட வேண்டும். நான் விசாரித்த 240க்குக் கேபிளோடு சேர்த்து 310 மில்லிமீட்டர் ஆழம் தேவைப்பட்டது. மேலே மிச்சமிருந்த 12ஐக் கழித்தாலும் 298. என் ஃபிரேமோ 265 மட்டுமே கொடுக்கும். 210க்குத் தேவை 275. மேலே 42 மில்லிமீட்டர் வெளியே நிற்கும் என்பதால் உள்ளே போவது 233. தாராளமாகப் பொருந்தியது. 210 வாங்கினேன். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா மகன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நாகலாபுரத்தின் அதே பாறைப் படிகளில் இன்று சீட் என் உடலில் படுவதே இல்லை. முழங்காலை மடக்க இடம் கிடைத்ததும் முன்பிரேக்கைத் தேவையில்லாமல் பிடிக்கும் பயமும் போய்விட்டது.

இன்று 200ஐத் தாண்டிய போஸ்ட்கள் அரிதல்ல. ஒன்அப் நிறுவனம் 210, 240 இரண்டையும் செய்கிறது. அதன் போஸ்ட்களில் சிறு பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி இறக்கத்தை 10 அல்லது 20 மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம் என்பதால், சில மில்லிமீட்டர் இடிக்கும் ஃபிரேம்களுக்கு உதவும். ஆனால் அது மேலளவைத்தான் சரிசெய்யும், வெளிக்குழாயின் நீளத்தைக் குறைக்காது. பைக்யோக் நிறுவனத்தின் ரிவைவ் 213 இறங்கும். ஹைட்ராலிக் உள்ளே காற்று புகுந்து சீட் தளர்ந்தால், சீட்டின் அடியில் உள்ள சிறு வால்வைத் திறந்து அழுத்தியே சரிசெய்துகொள்ளலாம். கம்பியில்லா வகைகளில் அடியில் கேபிள் இல்லை என்பதால் ஆழம் மிச்சமாகும். குழாயின் விட்டம் 30.9, 31.6, 34.9 என்று மாறும். பழைய போஸ்ட்டின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். பழைய லீவரையே வைத்துக்கொள்வதானால், கேபிளின் குண்டுத்தலை போஸ்ட்டின் அடியில் மாட்டுகிறதா, லீவரில் மாட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு வகையும் உண்டு.

நீளமான போஸ்ட் சீக்கிரம் ஆட்டம் காணும் என்பது பலரும் எழுப்பும் எதிர்ப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை: உள்குழாய் நீளமாக வெளிவரும்போது உள்ளே தாங்கும் புஷ்கள் மீது நெம்புதல் கூடும், எடை மிகுந்தவருக்கு அவை விரைவில் தேயும். ஆனால் சீட் நிற்கும் உயரம் இரண்டு போஸ்ட்டிலும் ஒன்றே. ஃபிரேமுக்குள் 210இன் வெளிக்குழாய் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது, 150இன் குழாயோ நுனியில் தொற்றிக்கொண்டிருந்தது. சற்றே தேயும் புஷ்ஷை மாற்றிவிடலாம். ஃபிரேம் விரிசல் விட்டால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. மேட்டில் ஏறும்போது உடல் பின்சக்கரத்தின் மேல் சரிவதாக உணரும் உயரமானவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்: அதை டிராப்பர் தீர்க்காது, சீட்டைக் கம்பியில் முன்னே நகர்த்திப் பார்க்க வேண்டும்.

நம் பகுதியில் இருப்பவர் என்றால் பராமரிப்பில் கூடுதல் கவனம் வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் வீசும் உப்புக்காற்று கேபிளை அதன் உறைக்குள்ளேயே துருப்பிடிக்க வைத்துவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். எண்ணூர் பக்கமிருந்து வரும் நுண்சாம்பலும் லாரிப் புழுதியும் உள்குழாயில் படிந்து, தூசி புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை அரிக்கும். ஓட்டிவிட்டு வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளாம்ப்பின் பிளவு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும், ஆகவே மழைக்காலம் முடிந்ததும் போஸ்ட்டை உருவி, குழாயைத் துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். கார்பன் ஃபிரேம் என்றால் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று உள்ள பசையைப் பயன்படுத்துங்கள். கிளாம்ப்பை ஃபிரேமில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் இறுக்கினால் குழாய் நசுங்கி, சீட் மேலே வரத் தயங்கும். சீட் எழவில்லை என்று போஸ்ட்டைக் குறை சொல்பவர்கள் முதலில் அந்த போல்ட்டைப் பார்க்கட்டும்.

மலைக்குப் போகாத நாள்களிலும் இது வீணாகக் கிடப்பதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே சிக்னலில் நிற்கும்போது, லீவரை அழுத்தி இரண்டு கால்களையும் தரையில் முழுதாக ஊன்ற முடிவது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

பொருத்தியபின் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். பின்சஸ்பென்ஷனில் உள்ள காற்றை இறக்கிவிட்டு, சீட்டைக் கடைசிவரை தாழ்த்தி, பின்சக்கரத்தை அதன் முழு எல்லைவரை அழுத்திப் பாருங்கள். 29 அங்குலச் சக்கரம் என்றால் டயர் சீட்டின் பின்முனையைத் தொடக்கூடும். தொட்டால் சீட்டை முன்னே தள்ளவோ, இறக்கத்தைக் குறைக்கவோ வேண்டியிருக்கும். உங்கள் மேலளவு, உள் ஆழம், குழாயின் விட்டம் மூன்றையும் கீழே கருத்தில் எழுதினால், எந்த அளவு உங்கள் ஃபிரேமில் உட்காரும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.