‘வெறும் பெட்ரோல் போதும்’ என்று விற்ற கடைக்காரர்மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: எனக்குச் சின்னதாக ஒரு தோப்பு இருக்கிறது. களை வெட்டுவதற்காகத் தோளில் மாட்டும் பெட்ரோல் பிரஷ் கட்டர் வாங்கினேன். மற்றவர்களின் தோட்டங்களுக்கும் நானே கொண்டுபோய்க் கூலிக்கு வெட்டிக் கொடுப்பேன். “ஆயில் கலக்கிற தொல்லை இல்லாத மெஷின் வேண்டும்” என்று கேட்டதற்கு, “இது 4 ஸ்ட்ரோக், வெறும் பெட்ரோல் போதும்” என்றார் கடைக்காரர். வாட்ஸ்அப்பிலும் அப்படியே எழுதி அனுப்பினார், பில்லிலும் ‘4 ஸ்ட்ரோக்’ என்றே இருக்கிறது. டெமோ காட்டும்போது கடைப் பையன் ஒரு கேனிலிருந்து நீல நிறப் பெட்ரோலை ஊற்றினான். அது தீர்ந்ததும் பங்கில் வாங்கிய பெட்ரோலை ஊற்றி ஓட்டினேன், அன்றைக்கே என்ஜின் ஜாம் ஆகிவிட்டது. “இது கலந்த பெட்ரோலில் ஓடும் என்ஜின், கையேட்டில் போட்டிருக்கிறது, தவறு உங்களுடையது” என்று எழுதிக் கொடுத்து வாரண்டியை மறுத்துவிட்டது சர்வீஸ் சென்டர். கம்பெனிமீது புராடக்ட் லயபிலிட்டி (பொருளால் விளைந்த தீங்குக்கான பொறுப்பு) வழக்குப் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா? அடுத்து வாங்கினால் எந்த என்ஜின் வாங்குவது?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் நண்பர் சொல்லும் வழியில் வேண்டாம். உங்கள் வழக்கு கம்பெனியைவிடக் கடைக்காரர்மீதுதான் வலுவாக நிற்கிறது.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் சிக்கல். 2 ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் தேயாமல் காக்கிறது. வழக்கமான 4 ஸ்ட்ரோக்கில் ஆயிலுக்குத் தனித் தொட்டி உண்டு, பெட்ரோலை அப்படியே ஊற்றலாம். இவை தவிர மூன்றாவதாக ஒன்றும் விற்கிறார்கள். அதுவும் வால்வு வைத்த 4 ஸ்ட்ரோக்தான், ஆனால் தனி ஆயில் தொட்டி இல்லை, கலந்த பெட்ரோலில்தான் ஓடும். உங்கள் தலையில் கட்டியது இந்த வகை என்று சர்வீஸ் சென்டர் கடிதத்திலிருந்து புரிகிறது. ஆக, பில்லில் ‘4 ஸ்ட்ரோக்’ என்று இருப்பது பொய்யில்லை. ‘வெறும் பெட்ரோல் போதும்’ என்றதுதான் பொய். புகாரில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் பில்லைக் காட்டி, “கேட்டதைத்தான் கொடுத்தோம்” என்று முடித்துவிடுவார்.

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்பதை விற்பவரிடம் சொல்லி, அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது சொல்லாமலே விற்பனையில் அடங்கிய நிபந்தனை. ஒரு விதிவிலக்கு உண்டு. பிராண்டு பெயரைச் சொல்லி ‘அதைத்தான் கொடு’ என்று வாங்கினால் இந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, தேவையைச் சொல்லிக் கேட்டீர்கள். அப்புறம், பொருளின் தரம், வகை பற்றி வாய்மொழியாகவோ எழுத்திலோ பொய் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)-வது பிரிவில் நேர்மையற்ற வணிக முறை. புகாரின் அடித்தளம் இந்த இரண்டும்தான்.

பலவீனமான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கையேட்டில் கலக்கச் சொல்லியிருக்கிறது. டேங்க் மூடியில் ஆயில் சொட்டு அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள், கலந்த பெட்ரோல் கேட்கும் மெஷின்களில் பெரும்பாலும் இருக்கும். அதை வைத்து உங்கள் கவனக்குறைவு என்பார்கள், இழப்பீடு குறையவும் கூடும். அதற்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் அந்த நீல நிறப் பெட்ரோல்தான். 2 ஸ்ட்ரோக் ஆயிலில் நிறம் சேர்ப்பதே கலந்த பெட்ரோலை அடையாளம் காணத்தான். டெமோவுக்குக் கலந்த பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள் என்றால், இந்த மெஷினுக்கு என்ன வேண்டும் என்பது கடைக்குத் தெரிந்திருக்கிறது, உங்களிடம் மட்டும் சொல்லவில்லை. அன்று உடன் வந்தவர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரு பிரமாண வாக்குமூலம் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். அச்செடுத்து, 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் (சாட்சியச் சட்டம்) 63(4)-வது பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள்.

புராடக்ட் லயபிலிட்டி ஏன் வேண்டாம்? அதில் ‘தீங்கு’ என்பதற்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(22)-வது பிரிவு தரும் விளக்கத்தில், பொருளுக்கே ஏற்பட்ட சேதம் வராது. வருமான இழப்பும் வராது. பிளேடு உடைந்து உங்கள் காலில் பாய்ந்திருந்தால் அது வேறு கதை. கெட்டுப்போனது என்ஜின் மட்டும்தான் என்கிறபோது அந்த வழியில் போனால் முதல் வாய்தாவிலேயே ஆட்சேபம் எழும்.

கூலிக்கு ஓட்டியதால் ‘வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை’ என்றும் சொல்வார்கள். பயப்படாதீர்கள். சுயதொழிலில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கமல்ல என்று 2(7)-வது பிரிவின் விளக்கமே சொல்கிறது. லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், இயந்திரத்தைத் தானே இயக்கிப் பிழைப்பவர் உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்றது. ஆனால் ‘பிழைப்புக்காக நானே இயக்குகிறேன்’ என்ற வரி புகாரில் கட்டாயம் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தோற்பவர்கள் உண்டு.

மெஷினை வேறு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடாதீர்கள். கோடு விழுந்த பிஸ்டன் உட்பட எல்லா பாகங்களையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிப் படமெடுத்து வையுங்கள். தேவைப்பட்டால் அதே சட்டத்தின் 38-வது பிரிவின்படி நுகர்வோர் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பும், அந்தக் கட்டணம் உங்களுடையது.

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்டில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டாயமில்லை, ஆனால் பல விவகாரங்கள் அதிலேயே முடிகின்றன. முடியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கடையை முதல் எதிர்மனுதாரராகவும் கம்பெனியை இரண்டாவதாகவும் சேருங்கள். விலையை வட்டியோடு திருப்பித் தரவும், இடைப்பட்ட காலத்தில் வேலை இழந்ததற்கு இழப்பீடும் கேளுங்கள். கூலிக் கணக்கு நோட்டு இருந்தால் இணையுங்கள். கெடு இரண்டு ஆண்டுகள். என்ஜின் ஜாம் ஆன தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், கடிதத் தேதியை நம்பி இருக்க வேண்டாம்.

சரி, அடுத்து எந்த என்ஜின்? நாள் முழுக்கத் தோளில் சுமந்து, சரிவிலும் வரப்பிலும் சாய்த்துச் சாய்த்து வெட்டுபவருக்கு 2 ஸ்ட்ரோக் எடை குறைவு, எந்தக் கோணத்திலும் ஓடும். கலப்பும் பெரிய வித்தையில்லை. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கலக்கவே முடியாது என்றால் தனி ஆயில் தொட்டி உள்ள 4 ஸ்ட்ரோக் வாங்குங்கள். எல்லாக் கோணத்திலும் ஓடும் என்று கையேட்டில் போட்டிருக்க வேண்டும், ஸ்டார்ட் செய்யும் முன் ஒவ்வொரு முறையும் ஆயில் அளவு பார்க்க வேண்டும். எதை வாங்கினாலும் எத்தனால் அளவைக் கேளுங்கள். பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது, பல சிறு என்ஜின் கையேடுகளோ 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கின்றன. அடுத்த வாரண்டி மறுப்பு இந்தப் பெயரில் வரலாம்.

கடைக்காரர் சமரசத்துக்கு வந்து வேறு மெஷின் கொடுத்தால், ‘தனி ஆயில் தொட்டி உள்ள 4 ஸ்ட்ரோக், கலக்காத பெட்ரோல்’ என்று பில்லிலேயே எழுதி முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள். வாரண்டி புதிய தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லி, அதற்குப் பிறகு புகாரைத் திரும்பப் பெறுங்கள்.