அப்பாவை வீட்டில் சேர்ப்பதா?

கேள்வி: டீச்சர், தோட்டத்தில் இருந்தபோது அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவையும் எங்களையும் அடிக்காத நாள் குறைவு. அம்மா தவறிப்போய் ஆறு வருடமாகிறது. இப்போது அப்பாவுக்குப் பக்கவாதம். அண்ணன் கைவிரித்துவிட்டார். 'பெத்த தகப்பன், மன்னிச்சுடு' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மனம் வரவில்லை. நான் பாவியா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: இல்லை, தங்கச்சி.

நானும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள்தான். சம்பள நாள் சாயங்காலம் அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டதும் அம்மா விளக்குத் திரியை இறக்கிவிடுவார். தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காக, அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளி கட்ட வேண்டும். அந்தப் பணத்தை அம்மா அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பார். ஒருநாள் அப்பா கண்டுபிடித்து அம்மாவின் கையை முறுக்கிவிட்டார். மறுநாள் விடியுமுன் வீங்கிய கையோடு அம்மா பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போனார். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. வெயில் அடிக்கிற நாளை எப்படி விடுவது? நான் பள்ளிக்கூடத்தை விடாமல் படித்தது அந்தக் கையால்தான். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் 'எம்புள்ள படிக்கணும் தாயே' என்பார். அவ்வளவுதான் அவர் வேண்டுதல். இன்றும் சூடம் ஏற்றும்போது என் வாயில் அந்த வார்த்தைதான் வருகிறது.

அப்பா படுக்கையில் விழுந்ததும் என் வீட்டுக்குத்தான் வந்தார். வேளைக்குச் சோறு வைத்தேன், பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அவருக்கு நகம் வெட்டிவிட்டேன். பால்கத்தி பிடித்துக் காய்த்த வலது கை. என்னை அறைந்த கையும் அதுதான். வெட்டி முடிக்கும்வரை அது என் மடியில் கிடந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, கடைசிவரை கேட்கவே இல்லை. ஆனால் அன்று ராத்திரி, 'சாப்பிட்டீங்களாப்பா?' என்று என்னால் கேட்க முடிந்தது.

எனக்கு நடந்ததுபோல் உங்களுக்கும் நடக்கும் என்று சொல்லமாட்டேன். மன்னிக்கச் சொல்லி யாரும் உங்களுக்குக் கெடு வைக்க வேண்டாம். அவர் பட்டினி கிடக்காமல், மருந்து தவறாமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. அதை மனம் ஆறுவதற்கு முன்பே செய்யலாம், உங்கள் வீட்டில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. சமூக நல இலாகாவில் முதியோர் உதவித்தொகைக்கு மனுச் செய்யுங்கள். போகும்போது அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் அவர் அப்பாதானே. அப்புறம், பட்ட அடியை 'பாசத்தில் அடித்தார்' என்று பிள்ளைகளிடம் மாற்றிச் சொல்லாதீர்கள். பாட்டி என்ன பட்டார் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

இந்த ஞாயிறே அண்ணனிடம் பேசுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.